கணினிக்குக் கொழும்பு எதற்கு?

நெல் விளைய வயல் வேண்டும். மீன் பிடிக்கக் கடல் வேண்டும். கணினி வேலைக்கு வேண்டியவை யாவை? படித்த மூளை, மின்சாரம், செய்தி கடத்தும் ஒரு கண்ணாடியிழைக் கம்பி. இம்மூன்றில் கொழும்புக்கு மாத்திரம் உரியது எது?

வன்னியிற் பிறந்து பட்டம் பெற்ற இளைஞன் வெள்ளவத்தையில் ஓர் அறைக்குச் சம்பளத்தின் பெரும்பங்கை வாடகையாக இறுத்து, இலண்டன் கம்பனிக்கு நிரல் எழுதுகிறான். இலண்டன் வேலை கடல் கடந்து கொழும்புக்கு வரலாம். கொழும்பு வேலை கிளிநொச்சிக்குப் போகலாகாதாம்! என்னே இவர்தம் தருக்கம்! 2020இல் கொள்ளைநோய் பரவியபோது இதே கம்பனிகள் ஊழியரை வீட்டிலிருத்தி வேலை வாங்கவில்லையா? மின்சாரம் நிற்கும் என்பார், 2022இல் கொழும்பும் இருளில் இருந்ததை மறந்தனர் போலும்.

கிராமத்தில் ஆற்றல் இல்லை என்பார்க்குத் தென்காசியைக் காட்டுவோம். சென்னையிலிருந்து அறுநூறு கிலோமீற்றருக்கு அப்பால், மத்தளம்பாறை என்னுங் கிராமத்தில், 2011இல் சோகோ கம்பனி கந்தோர் திறந்தது. உலகெங்கும் விலைபோகும் அதன் மென்பொருளொன்று அங்கேயே உருவாயிற்று. பட்டம் கேளாது, பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு உபகாரப் பணம் கொடுத்துத் தொழில் பயிற்றுகிறது அக்கம்பனி. ஆயினும் அது ஒரு முதலாளியின் விருப்பத்தால் நடந்தது. தனவந்தர் மனமிரங்கும்வரை காத்திருப்பது அரசியலாகாது.

இங்கே சட்டமே கொழும்பை நோக்கிச் சாய்ந்து நின்றது. 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் படைத்த நிறுவனத்தின் பெயரே ‘பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு’! 1992இல் அது முதலீட்டுச் சபையாயிற்று. பெயர் மாறியது, சாய்வு மாறவில்லை. நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்குமில்லாத மேல் மாகாணம் உற்பத்தியில் ஐந்திலிரண்டுக்கு மேல் கொள்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கணினிப் பொறியியலாளரை உருவாக்குகிறது. அவர்கள் பஸ் ஏறுவது எத்திசைக்கு?

கமக்காரர் ‘எமக்கென்ன’ என்றிருத்தல் தகாது. சம்பளக்காரர் ஐம்பது பேர் பரந்தனிற் குடியிருந்தால் பாலும் முட்டையும் மரக்கறியும் படலையடியிலேயே விலைபோகும். ஊர்ப் பாடசாலையிலும் பிள்ளைகள் குறையார். கிராமத்தான் என்பதற்காக அரைச் சம்பளம் கொடுக்க எண்ணி வருங் கம்பனிகளும் உள. அவற்றுக்கு வாசல் திறவோம்.

கேட்பவை இரண்டே. வரிச்சலுகை பெறும் கணினிக் கம்பனி மேல் மாகாணத்துக்கு வெளியே ஒரு பங்கு ஊழியரை அமர்த்தல் வேண்டுமென்று சட்டமியற்றுக. வடக்குக் கிழக்குக் காணிப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையை அவ்வம் மாவட்டத்திலேயே செய்விக்க. வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இவற்றைக் கேட்பீர்களா என்று, வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் இன்றே கேளுங்கள்.