கருவுக்கு மதிப்பெண் இடும் வணிகம்

செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கருக்களின் டிஎன்ஏவை முழுமையாகப் படித்து, பிறக்கவிருக்கும் குழந்தைக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டுத் தரும் சேவையை அமெரிக்காவில் ஆர்கிட் போன்ற நிறுவனங்கள் விற்றுவருகின்றன. இத்தகைய சோதனையை மருத்துவச் சேவையாக வழங்கக் கூடாது என்று அந்நாட்டு மருத்துவ மரபியல் வல்லுநர்களின் அமைப்பே 2024இல் கூறிய பின்னரும் விற்பனை தொடர்வது, பெற்றோரின் அச்சத்தைக் காசாக்கும் செயலாகும்.

இதற்கு அடிப்படையான ஆராய்ச்சியின் தரத்தில் ஐயமில்லை. 2022இல் நேச்சர் இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு, நோயுற்ற 76,755 பேரின் டிஎன்ஏவை நோயற்ற 2,43,649 பேரின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை அடையாளம் கண்டது. ஒவ்வோர் இடத்து மாறுபாடும் நோய் வாய்ப்பை மிகச் சிறிதளவே மாற்றுகிறது. பல்லாயிரம் மாறுபாடுகளின் சிறு விளைவுகளைக் கூட்டிப் பெறும் எண்ணே பல்மரபணு இடர் மதிப்பெண் எனப்படுகிறது. மனிதருக்கு மனிதர் நோய் வாய்ப்பில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே அது விளக்குகிறது. ஐரோப்பிய வழியினர் அல்லாதாரிடம் அதன் துல்லியம் மேலும் குறைகிறது.

இரட்டையர் கணக்கு இதைவிட வலியது. ஒரே சினைமுட்டையிலிருந்து பிறக்கும் இரட்டையரின் டிஎன்ஏ ஏறத்தாழ முற்றிலும் ஒன்றே. ஆயினும், டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வில், அத்தகைய இரட்டையரில் ஒருவர் நோயுற்றபோது மற்றவரும் நோயுற்றது 33 விழுக்காட்டினரிடம் மட்டுமே. அதே ஆய்வு இந்நோயின் மரபுவழிப் பங்கை 79 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. இவ்விரண்டும் முரணல்ல, மரபுவழிப் பங்கு என்பது ஒரு மக்கள்தொகையில் காணும் வேறுபாடுகளைப் பற்றிய அளவேயன்றித் தனியொருவரின் எதிர்காலத்தைப் பற்றிய அளவன்று. டிஎன்ஏ முழுவதும் ஒன்றாக இருந்தும் மூவரில் இருவர் தப்புகின்றனர் எனில், அந்த டிஎன்ஏவின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடைபோடும் மதிப்பெண், சில நாள் வயதான கருவின் மனநலத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

மதிப்பெண் குறைந்த கருவைத் தேர்ந்தெடுத்தால் நோய் வாய்ப்பு பாதியாகக் குறைகிறது, அப்படித் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை என்பன விற்போர் தரப்பின் வாதங்கள். வாழ்நாளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு வரும் நோய் இருநூற்றுக்கு ஒருவருக்கு வருவதாகக் குறைவதே இந்தப் பாதி. இதை மறைத்துவிட்டு உரிமை பேசுவது வணிகத் தந்திரமேயன்றி வேறில்லை.

இந்நோயைப் பிறப்பிலேயே களைய முயன்ற அரசு ஒன்று வரலாற்றில் உண்டு. 1933இல் நாஜி ஜெர்மனி இயற்றிய சட்டம், மரபுநோய்ப் பட்டியலில் மனச்சிதைவையும் சேர்த்தது; அச்சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது; பின்னர் நோயாளிகள் பெருந்தொகையாகக் கொல்லவும் பட்டனர். அத்தனை கொடுமைக்குப் பின்னும் அந்நாட்டில் நோய் ஒழியவில்லை. அன்று அரசு ஆணையிட்டதை இன்று சந்தை விலைக்கு விற்கிறது.

டிஎன்ஏ ஆராய்ச்சியின் உண்மையான பயன் வேறிடத்தில் உள்ளது. நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சி4 மரபணுவின் சில வடிவங்கள் நோய் வாய்ப்பைக் கூட்டுவதையும், எலிகளின் வளரும் மூளையில் நரம்பிணைப்புகள் கத்தரிக்கப்படுவதில் அம்மரபணுவுக்குப் பங்கிருப்பதையும் 2016இல் மரபியல் ஆய்வாளர் ஸ்டீவன் மெக்கரோல் குழுவினர் காட்டினர். இத்தகைய அறிவு நோயுற்றோரின் சிகிச்சைக்காகத் திரட்டப்பட வேண்டியது. அவர்களைப் போன்றோர் பிறவாமல் தடுப்பதற்கானதன்று. ஆகவே மனச்சிதைவுக்காகக் கருவுக்கு மதிப்பெண் இடுவதை எல்லா நாடுகளும் விதிவிலக்கின்றிச் சட்டத்தால் தடைசெய்ய வேண்டும்.