சாதி கேட்காத வாசல் கும்மிடிப்பூண்டிக்கும் வேண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிற்குச் செல்லும் ஷிப்ட் பஸ்களில் நம் தெருப் பெண்கள் தினமும் ஏறுகிறார்கள். மேய்ச்சல் நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு இழந்த தேர்வாய் கண்டிகையைச் சுற்றிலும் இதே நிலைதான். வயலை விட்டு ஆலைக்கு வந்த முதல் தலைமுறை இவர்கள். பெரும்பாலும் காண்ட்ராக்ட் வேலை. வெளியூரிலிருந்து வந்து விடுதியிலும் வாடகை அறையிலும் தங்கியிருப்பவர்கள் உண்டு. செங்கல் சூளைகளில் இருளர் பெண்களும் ஒடிசா பெண்களும் இருக்கிறார்கள்.

இவர்களில் ஒருவர் கருவுற்றால் முதலில் யாரிடம் சொல்வார்? மேஸ்திரியிடம் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது என்ற பயம். விடுதியில் சொன்னால் பெட்டியைக் கட்டச் சொல்வார்களோ என்ற பயம். திருமணம் ஆகாதவர் என்றால் வீட்டில் வாய் திறக்க முடியாது. காதலித்தவன் வேறு சாதிக்காரன், வயிற்றில் பிள்ளை என்றதும் சாதியைக் காட்டி விலகிக்கொண்டான் என்றால், விஷயம் ஊருக்குத் தெரிந்த அன்றே அவளுடைய தெரு முழுவதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே கொடுக்கும் மாத்திரைதான் அவளுக்குக் கிடைக்கிற ஆலோசனை. எத்தனை வாரம், கரு எங்கே தங்கியிருக்கிறது என்று பார்க்காமல் விழுங்கும் அந்த மாத்திரை ரத்தப்போக்கில் உயிரையே கொண்டுபோகலாம்.

இந்தப் பெண்கள் பயமின்றி நுழையக்கூடிய ஒரு கர்ப்பகால உதவி மையம் கும்மிடிப்பூண்டியில் வேண்டும் என்கிறோம். அரசு முன்வர வேண்டும். அதோடு, கட்டிடமும் செவிலியர்களும் பள்ளிகளும் உள்ள திருச்சபைகளும் முன்வர வேண்டும் என்று கேட்கிறோம். இப்படிக் கேட்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது.

1885-ல் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் அறிவது அதுதான். அப்போது அதன் பெயர் 'சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை'. அந்தப் பலகையில் சேரிப் பெண்ணுக்கு இடமில்லை. ஆண் மருத்துவரிடம் வர முடியாத பெண்களுக்காக நல்லெண்ணத்தோடு தொடங்கியதுதான். ஆனால் பிரசவ வலிக்கும் சாதி உண்டு என்று அந்தப் பெயரே சொன்னது.

அதே பத்தாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மருத்துவர் மட்டில்டா மெக்ஃபைல் சென்னையில் பெண்களுக்காக ஒரு சிறு மருந்தகம் தொடங்கினார். அவர் நாட்டுத் திருச்சபைப் பெண்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். அது வளர்ந்து 1914-ல் ராயபுரத்தில் மருத்துவமனை ஆனது. வடசென்னைக்காரர்கள் இன்றும் ரெய்னி ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். மீனவரும் துறைமுகக் கூலிகளும் வாழ்ந்த பகுதியில் அது அமைந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயில் அந்த ராயபுரத்தைத் தாண்டித்தான் போகிறது. தொழிற்சாலைகள் இந்தப் பாதையில் வடக்கே நகர்ந்து நம் ஊர் வரை வந்துவிட்டன. உதவியும் அதே பாதையில் வர வேண்டாமா?

ஆனால் வருகிற மையம் மூன்று நிபந்தனைகளை ஏற்றுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

முதலாவது, சாதி, மதம், திருமணம் பற்றி வாசலில் கேள்வி கூடாது. மதம் பற்றிய பயம் நம் மக்களுக்குக் காரணமில்லாமல் வந்ததில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறியவருக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து ஆலயம் சென்றுவந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. ஆலய வளாகத்தில் உதவி பெறுவது மதமாற்றம் ஆகாது. இருந்தாலும் அந்தச் சந்தேகத்துக்கே இடம் தராமல், ஜெபத்தில் கலந்துகொள்ளச் சொல்லாமல், மதம் எழுதும் பதிவேடு வைக்காமல் மையம் நடக்க வேண்டும். கல்லறையிலும் சாதிச் சுவர் வைத்திருக்கும் சபைகள் இன்றும் உண்டு. அவர்கள் முதலில் தங்கள் சுவரை இடித்துவிட்டு வரட்டும்.

இரண்டாவது, சட்டம் தரும் எல்லா வழிகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் திருச்சபை ஆதரவில் நடக்கும் பல கர்ப்பகால மையங்கள் கருக்கலைப்பு பற்றி அரைகுறையாகவே சொல்கின்றன என்ற குறை நெடுநாளாக உண்டு. அது இங்கே வரக்கூடாது. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும், உரிய காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரிலும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தின் பேரிலும் கருக்கலைப்பை அனுமதிக்கின்றன. திருமணமாகாத பெண்ணும் அந்தப் பிரிவில் அடங்குவார் என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதமே போதும். கணவன், அப்பா கையெழுத்து வேண்டியதில்லை. சபையின் நம்பிக்கை கருக்கலைப்பை ஏற்காது என்றால், "இதை நாங்கள் செய்வதில்லை, அரசு மருத்துவமனையில் செய்வார்கள்" என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பட்டும். சொல்லாமல் வாரங்களைக் கடத்துவது ஏமாற்று.

பெற்றுக்கொள்ள விரும்புபவருக்குக் கடைசி வரை துணை நிற்க வேண்டும். வளர்க்க முடியாதவர் குழந்தையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. தரகர் கையில் குழந்தை போவதை அந்த ஒரு தகவல் தடுக்கும். கருவுற்றவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் போக்சோ சட்டப்படி தகவல் தர வேண்டும். அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்க முடியாது.

மூன்றாவது, வேலையைக் காப்பாற்றித் தர வேண்டும். 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உரிமை. காண்ட்ராக்ட் தொழிலாளி என்பதால் அது இல்லாமல் போகாது. கர்ப்பத்துக்கான விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு அந்தத் தொகை இ.எஸ்.ஐ. வழியாக வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் உண்டு. ஆதரவற்ற பெண்களுக்காக 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கிய அந்த அம்மையாரின் பெயரில் உள்ள உதவி, விடுதி அறையில் கர்ப்பத்தை மறைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு எப்படிப் போய்ச் சேரும்? கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தால்தானே எதுவும் கிடைக்கும்! அந்தப் பதிவுக்குக் கைபிடித்து அழைத்துச் செல்வதும் மையத்தின் வேலை.

இதற்குப் பெரிய கட்டிடம் தேவையில்லை. ரயில் நிலையத்திற்கு அருகில் இரண்டு அறைகள், ஒரு செவிலியர், வாரம் ஒருநாள் வரும் மருத்துவரும் வழக்கறிஞரும், ஷிப்ட் முடிந்து வருபவருக்காக இரவு 9 மணி வரை திறந்திருக்கும் கதவு போதும். மாவட்ட நிர்வாகம் இடம் தரட்டும், சபைகள் ஆளும் பணமும் தரட்டும், ஆலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் பங்கு தரட்டும். நிர்வாகக் குழுவில் நம் தெருப் பெண்கள் இருக்கட்டும்.

அதுவரை, இதைப் படிக்கும் மாணவ மாணவியர் நான்கு எண்களைத் தம் தெருவில் எழுதி ஒட்டலாம்: மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகள் சொல்ல வரும்போது முதல் வார்த்தையாக "யார்?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா அம்மா, டாக்டரிடம் போகலாமா?" என்று கேளுங்கள்.