எந்த மன்றில் நீதி?

தம்புள்ளையில் எம் விவசாயி தெளிக்கும் பீடைகொல்லி பிறநாட்டிலிருந்து வருகின்றது. அதனால் உயிருக்கு ஊறு நேரின் எந்த நீதிமன்றத்தை நாடுவது?

2017 இல் மகாராட்டிரத்தின் யவத்மாலில் மருந்து தெளித்த விவசாயிகள் பலர் மாண்டனர். இரு குடும்பத்தாரும் உயிர்தப்பிய ஒருவரும் சின்ஜென்டா நிறுவனத்தின் தாயகமான சுவிட்சர்லாந்திற்கே சென்று, பாசலில் நட்டஈடு கோரினர். நிறுவனமோ பொறுப்பை மறுத்தது.

ஏழைக்குக் கடல் கடந்த வழக்கு எளிதன்று. சாட்சிகளும் வைத்தியச் சான்றுகளும் இங்கேயே உள. ஆயினும் அந்நியரின் சொத்தைத் தொடவியலாத தீர்ப்பு வெறுங் காகிதமே. ஆதலின், 1980 ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு வழங்குமுன், மாத்தளை மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கும் அடங்குவதாக ஆக்குநர் உறுதியும் பிணைப்பணமும் தருதல் வேண்டும். இலாபம் இங்கே, பொறுப்பு அங்கே என்பதை நாம் ஏற்கோம்!