பல் மாணவர்களைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள்



கடந்த செவ்வாய்க்கிழமை பக்கத்து லயத்து அக்கா ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் நகரத்து வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அவருக்குக் கன்னத்துக்குள் வெள்ளைத் தழும்பு. சம்பல் பட்டாலே எரிகிறது. இரண்டு விரலுக்கு மேல் வாய் திறக்கவில்லை. எங்கள் முறை வருமுன் நம்பர் முடிந்துவிட்டது. "அடுத்த கிழமை வாங்க" என்றார்கள். சம்பளமும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். வழிநெடுக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தார்.

அன்றிரவு, பல் மருத்துவம் படிக்கும் என் அக்கா மகள் போனில் அழுதாள். "சித்தி, பல்செட் கட்ட ஆள் கிடைக்கல. கணக்கு முடியாட்டி இறுதிப் பரீட்சை எழுத ஏலாது. யாராச்சும் இருந்தா அனுப்புங்க." இத்தனை நிரப்பல், இத்தனை பல்செட் என்று கணக்கு வைப்பது சரிதான், கை பழக வேண்டுமே. ஆனால் நோயாளி வராததற்குப் பிள்ளையைத் தண்டிப்பது என்ன நியாயம்? பல்செட் கட்ட நாலைந்து தடவை போய்வர வேண்டும். அத்தனை நாள் பேரை இழக்க எந்தத் தொழிலாளியால் முடியும்?

பல் மருத்துவக் கல்வி பேராதனைக்கு வந்தது 1954இல். எங்கள் மலைக்கு அடிவாரம் அது. வெற்றிலை, புகையிலை போடும் தோட்டத்து மக்களின் வாயில் புற்றுநோய்க்கு முந்திய தழும்புகளை ஆய்வாளர்கள் இங்கே வந்து எண்ணி எழுதியிருக்கிறார்கள். வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பிலேயே இருக்கிறது. எண்ணுவதற்கு வர முடிந்த பாதையில் வைத்தியம் பார்க்க வர முடியாதா?

பல் வைத்திய முகாம் நடக்கிறதே என்பார்கள். ஒருநாள் முகாமில் பல் பிடுங்கலாம், பல் கட்ட முடியாது. இங்கே வரும் மாணவர்களின் மேற்பார்வைக்கு ஆளில்லை என்றால் ஆளை நியமியுங்கள். 2023இல் மலையகத்தின் 200 ஆண்டைப் பற்றி மேடைமேடையாகப் பேசிய தலைவர்களில் ஒருவர்கூட எங்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததில்லை.

மாணவர்களை மாதக்கணக்கில் தோட்ட டிஸ்பென்சரிகளுக்கு அனுப்பி, இங்கே செய்யும் ஒவ்வொரு வேலையையும் அவர்கள் கணக்கில் எழுதுங்கள். சுகாதார அமைச்சும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தோட்டப் பாடசாலை ஆசிரியை,
ஹட்டன்.