யாருடைய தோளில் சிலுவை?

வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதி, தனித் தொகுதி. பட்டியல் சாதியில் பிறந்த இந்து அங்கே நிற்கலாம். சீக்கியரானாலும் நிற்கலாம், பௌத்தரானாலும் நிற்கலாம். அதே தெருவில், அதே சாதியில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர் மட்டும் நிற்க முடியாது. ஓட்டுப் போடலாம். ஓட்டுக் கேட்க முடியாது!

இதற்குக் காரணம் 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை. அதில் 1956ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கலாம் என்று 2007ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் சொன்னது. அறிக்கை அலமாரிக்குப் போனது. 2022ல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள்.

மதம் மாறியவர் ஊருக்குள் நடந்து வந்தால், அவர் சாதியை யாராவது மறந்துவிடுகிறார்களா? டீக்கடை மறக்காது. கல்யாணத் தரகர் மறக்கமாட்டார். சர்க்கார் ஃபைலுக்கு மட்டும்தான் மறதி.

இந்த வலிக்குப் பிரசங்க மேடைகளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சிலுவை. விசுவாசத்துக்காகப் பாடுபடுவது பாக்கியமாம். உதாரணத்துக்கு தேவசகாயத்தைச் சொல்வார்கள். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர், 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1752ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022ல் புனிதரானார்.

பெரிய மனிதர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் தன் சிலுவையைத் தானே எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அடுத்தவர் தோளில் ஏற்றிவிட்டு, "பாக்கியவான்" என்று வாழ்த்திவிட்டுப் போகவில்லை.

சாதிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று வாழ்கிறவர்கள் நம் ஊர்களில் உண்டு. சபை அவரை அரைகுறை விசுவாசி என்கிறது. கோர்ட், 2024ல் ஒரு தீர்ப்பில், நம்பிக்கையில்லாமல் சலுகைக்காக மதம் மாறினதாகச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. பிள்ளையின் படிப்புக்கும் கடவுளுக்கும் நடுவில் ஒருவரை நிறுத்தி வைத்துவிட்டு, அவரையே குற்றவாளி என்றால் எப்படி சார்?

"கிறிஸ்தவத்தில்தான் சாதி கிடையாதே, பிறகு எதற்குச் சலுகை?" என்று சிலர் மடக்குவார்கள். சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசையின் வழக்கில் 1985ல் சுப்ரீம் கோர்ட் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். இந்துவாக இருந்தபோது இருந்த அதே கொடுமை மாறிய பிறகும் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்றது. ஆதாரம் போதவில்லை என்று சூசை தோற்றார்.

ஆதாரத்துக்கா பஞ்சம்? தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கட்டிய கோயிலையே சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே சுவர் வைத்தார்கள். இவையெல்லாம் டெல்லி போட்ட ஆணையா?

ஆகஸ்ட் 10ஐ சபைகள் வருஷா வருஷம் கறுப்பு தினமாக அனுசரிக்கின்றன. நல்லது, கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்த வழக்கு ஜெயிக்க வேண்டுமானால், "எங்கள் வீட்டுக்குள் சாதி இருக்கிறது, இதோ கணக்கு" என்று ஆயர்களே கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது அவர்களுக்குத்தான் அவமானம். சபைக்காக அந்த அவமானத்தைச் சுமக்கத் தயாரா என்று முதலில் அவர்கள் சொல்லட்டும். சிலுவையைப் பற்றிய பிரசங்கத்தை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.