மாண்டூ டெஸ்ட்டில் கை தடித்தால் டிபி உறுதியா?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு. கடலூரிலோ சிதம்பரத்திலோ இந்தப் புகாரோடு டாக்டரிடம் போனால், எக்ஸ்ரேயுடன் ‘மாண்டூ’ தோல் பரிசோதனையும் எழுதித் தரப்படலாம். ஊசி போட்ட இடம் தடித்ததுமே, ‘டிபி வந்துடுச்சு’ என்று வீடே பதறிவிடும். ஆனால், அந்தத் தடிப்புக்கு அர்த்தம் அதுதானா?

தடிப்பு என்ன சொல்கிறது?

காசநோய்க் கிருமியின் புரதக் கலவையை (பிபிடி) முன்கைத் தோலுக்குள் செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். சிவந்திருப்பது கணக்கில் வராது. பொதுவாக 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். இந்தக் குடும்பக் கிருமி ஒன்றை உடம்பு ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்பதே அதன் பொருள். இப்போது நோய் இருக்கிறதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

குழப்பம் எங்கே வருகிறது?

பிபிடியில் உள்ள பல புரதங்கள் பிசிஜி தடுப்பூசியிலும், மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ‘என்டிஎம்’ கிருமிகளிலும் உண்டு. என்டிஎம் நுரையீரலைத் தாக்கினால் அறிகுறிகளும் டிபி போலவே இருக்கும். பழைய தென்னாற்காட்டை ஒட்டியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய பிசிஜி ஆய்வில், காசநோய்க் கிருமிக்கு ஒன்று, என்டிஎம்முக்கு ஒன்று என இரண்டு தோல் பரிசோதனைகள் செய்யப்பட்டன. வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவதிலும் தடித்தது.

புதிய டெஸ்ட் உதவுமா?

ஓரளவு. ‘சை-டிபி’ பரிசோதனையில் இசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு புரதங்கள் மட்டுமே உள்ளன. இவை பிசிஜியிலும் பெரும்பாலான என்டிஎம் கிருமிகளிலும் கிடையாது. 5 மி.மீ. தடித்தாலே பாசிட்டிவ். இவ்வகைப் பரிசோதனைகளை உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் கிருமி தூங்குகிறதா, நோயாக மாறிவிட்டதா என்பதை இதுவும் சொல்லாது. நோயாளியுடன் வசிப்பவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தேவையா என்று முடிவெடுக்கத்தான் இது கைகொடுக்கும்.

அப்போ எதை நம்புவது?

சளிப் பரிசோதனையை. மைக்ராஸ்கோப்பில் டிபியும் என்டிஎம்மும் ஒரே மாதிரிதான் தெரியும். மரபணுவைப் பார்க்கும் சிபிநாட், ட்ரூநாட் பரிசோதனைகள் டிபி கிருமியைத் தனியே அடையாளம் காட்டும். மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிந்தும் சிபிநாட் நெகட்டிவ் என்றால், என்டிஎம்மா என்று கல்ச்சர் செய்து பார்க்க வேண்டும். பல என்டிஎம் வகைகளுக்கு வழக்கமான டிபி மாத்திரை சரிப்பட்டு வராது. பக்கவிளைவு மட்டும் மிஞ்சும்.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு டிபி இருந்தும் கை தடிக்காமல் போகலாம். அதனால், ‘நெகட்டிவ்தானே’ என்று இருமலை அலட்சியப்படுத்தவும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.