கையேந்தினால் கம்பி வருமா?

2003 டிசம்பர். ஜெனீவாவில் கூடிய தகவல் சமுதாய உச்சி மாநாட்டில் செனகல் அதிபர் அப்துலாயே வாட் ஒரு கோரிக்கை வைத்தார். ஏழை நாடுகளின் கணினி, தொலைத்தொடர்பு வசதிக்கென உலக நிதியம் வேண்டும் என்றார். பணக்கார நாடுகள் என்ன செய்தன? தனி நிதியம் எதற்கு என்று கையை விரித்தன! விரும்பியவர் தரலாம் என்ற அளவில் 2005-ல் நிதியம் பிறந்தது. அரசின் கணினி ஒப்பந்தம் பெறும் நிறுவனம் நூற்றுக்கு ஒன்று தர வேண்டும் என்பது திட்டம். தந்தவர் சிலரே. 2009-ல் கதவை மூடினார்கள்.

வணிகப் பெருமக்களே! அதே 2009-ல் மொம்பாசா கரையில் நடந்ததைப் பாருங்கள். அதுவரை கிழக்கு ஆப்பிரிக்கா இணையத்துக்குச் செயற்கைக்கோளை நம்பி, கொள்ளை விலை கொடுத்தது. பல நாடுகள் சேர்ந்து போடவிருந்த கடலடிக் கம்பியோ, அதை யார் ஆள்வது என்ற சச்சரவில் இழுபட்டது. கென்யா காத்திருக்கவில்லை. அமீரகத்தின் எதிசலாத்தைப் பங்காளியாக்கி, உள்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களிடமும் பங்குப் பணம் திரட்டி, புஜைராவிலிருந்து சொந்தக் கம்பியை இழுத்தது. தானமல்ல, முதலீடு! லாபம் தெரிந்தது, பணம் வந்தது.

ஆனால் லாபம் இல்லாத வறண்ட வடக்குக்குக் கம்பி தானாகப் போகாது. அதற்காகவே தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் ஒரு பகுதியைப் பிடிக்கச் சட்டம் செய்தார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்று மண்டேரா, வஜீர் இளைஞர்கள்தான் கணக்குக் கேட்க வேண்டும்.